கருப்பனை யாரும் கல்லால் அடிக்கவில்லை

பாய்ஸ் ஹாஸ்டல் மெஸ் வாசலில் படுத்திருக்குமே, ஒரு காதில் மட்டும் வெள்ளைப் புள்ளி வெச்ச நாய், கருப்பன். போன செமஸ்டர் இன்டெர்னல்ஸ் நேரத்தில் ஒரு நாள் காலையில் அதோட மூக்கிலிருந்து ரத்தம் சொட்டிக்கிட்டே இருந்தது. நாம உடனே என்ன முடிவு பண்ணோம்? நைட் வாட்ச்மேன் கல்லால் அடிச்சிட்டார். ஹாஸ்டல் குரூப்பில் அவரைப் பத்தி என்னென்ன எழுதினோம்னு கொஞ்சம் மேலே போய்ப் பாருங்க. நானும் ரெண்டு வரி எழுதியிருக்கேன்.

மூணாவது நாள்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் முதலில் பார்த்தது மூக்கை இல்லை, காதை. திருப்பிக் காட்டினார். உள்ளே ஆமணக்குக் கொட்டை மாதிரி கொத்துக் கொத்தா உண்ணி. ஈறு வெளுத்துக் கிடந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எர்லிக்கியா. உண்ணி கடிக்கும்போது உள்ளே போகிற ஒரு பாக்டீரியா அது. வெள்ளை அணுக்களில் குடியேறும். ரத்தத் தட்டணுக்கள் குறைஞ்சுகிட்டே வரும். கடைசியில் ரத்தம் உறையாமல் மூக்கு வழியா வரும். முன்னாடியே வந்திருந்தா டாக்ஸிசைக்ளின் நாலு வாரம் கொடுத்துக் காப்பாத்தியிருக்கலாம்னார். அடுத்த வாரம் கருப்பன் செத்துப் போச்சு. வாட்ச்மேன் அண்ணன்கிட்ட யாரும் ஸாரி சொன்ன மாதிரி தெரியலை.

இப்போ ஒரு கூட்டம் மீதி நாய்களையும் பிடிச்சு வெளியே விடணும்னு கையெழுத்து வாங்குது. இன்னொரு கூட்டம் பிஸ்கட் போட்டு ரீல்ஸ் எடுக்குது. ரெண்டு பேருமே உண்ணியைப் பத்திப் பேசலை. அதுதான் என் வருத்தம்.

உண்ணி நாய் மேலதான் வாழுதுன்னு நினைக்கிறோம். நாய் அதுக்கு மெஸ் மட்டும்தான். ஹாஸ்டல் ரூம் வேற இடத்தில் இருக்கு. ரத்தம் குடிச்சதும் கீழே விழுந்துடும். சுவர் விரிசல், படிக்கட்டு இடுக்கு, பழைய சாக்கு, இதுதான் அதோட வீடு. அங்கேதான் தோல் உரிக்கும், முட்டை இடும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். வளர்ந்த உண்ணி சாப்பாடே இல்லாம மாதக் கணக்கில் காத்திருக்கும். நாய்களை எல்லாம் அனுப்பிட்டா, மெஸ் பின்பக்கச் சுவரில் பசியோட ஒரு படை மிச்சம் இருக்கும். நாய் கிடைக்கலைன்னா சில சமயம் மனுஷனையும் கடிக்கும்.

கொசு மலேரியாவைப் பரப்புதுன்னு 1897-ல் ராஸ் கண்டுபிடிச்சதைப் பள்ளியில் படிச்சோம். அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே, 1893-ல், அமெரிக்காவில் ஸ்மித்தும் கில்போர்னும் மாடுகளைக் கொன்ன டெக்சாஸ் காய்ச்சலுக்கு உண்ணிதான் காரணம்னு நிரூபிச்சுட்டாங்க. அதை யாரும் நமக்குச் சொல்லலை. மாட்டு நோய்தானேன்னு விட்டிருப்பாங்க போல.

பக்கத்து மாநிலக் கதை இன்னும் மோசம். 1957-ல் கர்நாடகாவில் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழ ஆரம்பிச்சது. கூடவே ஊர் மக்களுக்கும் கடும் காய்ச்சல். காரணம் ஒரு வைரஸ், தூக்கிட்டுத் திரிஞ்சது காட்டு உண்ணி. ஊரில் வெச்ச பேரோ குரங்குக் காய்ச்சல்! குரங்கு அங்கே முதல் பலிகளில் ஒண்ணு. அது செத்ததும் உடம்பில் இருந்த உண்ணிகள் இறங்கி அந்த இடத்தைச் சுத்திப் பரவும். அந்தப் பக்கம் விறகு பொறுக்கப் போறவங்களைக் கடிக்கும். காட்டில் மேயுற மாடுகளுக்கு இந்த நோய் பெரிசா வராது, ஆனா வளர்ந்த உண்ணிகளுக்கு ரத்தம் கொடுத்து எண்ணிக்கையைப் பெருக்கிவிடும். 2012-ல் இதே நோய் பந்திப்பூரில் தெரிஞ்சது. செத்த குரங்குகளை அப்புறப்படுத்தினவங்களுக்கே வந்தது. பந்திப்பூருக்கு இந்தப் பக்கம் நம்ம முதுமலை. ட்ரெக்கிங் போற கும்பல் கவனிக்கணும்: காட்டில் செத்த குரங்கைப் பார்த்தா பக்கத்தில் போய்ப் போட்டோ எடுக்காதீங்க, வனத்துறைக்குச் சொல்லுங்க.

நம்ம கேம்பஸில் அந்த வைரஸ் இருக்குன்னு நான் பயமுறுத்த வரலை. இங்கே இருப்பது நாய் உண்ணி, அது வேற. ஆனா மூக்கில் ரத்தம் வந்த கருப்பனும் ஒரு சேதி சொல்லிச்சு, நாம அதை வாட்ச்மேன் தலையில் கட்டிட்டோம்.

செய்ய வேண்டியது ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. ஒவ்வொரு நாய்க்கும் எடை பார்த்து உண்ணி மாத்திரையோ பிடரியில் விடுற மருந்தோ டாக்டர் சொல்லுவார். மாட்டுக்கு அடிக்கிற மருந்தைக் குத்துமதிப்பா கலந்து ஊத்தாதீங்க. மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். உண்ணியை எடுக்கணும்னா இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க. விரலால் நசுக்காதீங்க. பிஸ்கட் போடுறப்போ ஒரு நிமிஷம் காதைத் திருப்பிப் பாருங்க, ரீல்ஸ் அப்புறம் எடுக்கலாம். இதை எல்லாம் செஞ்சாலும் சுவரை விட்டா பிரயோஜனம் இல்லை.

போன வாரம் வாட்ச்மேன் அண்ணன்கிட்ட போய்ப் பேசினேன். கருப்பனைப் பத்தி அவர் ஒரு வார்த்தை பேசலை. எந்த நாய் ராத்திரி எந்த மூலையில் படுக்கும்னு மட்டும் கூட நடந்து காட்டினார், ஏழு இடம். ஞாயித்துக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த ஏழு இடத்திலும் விரிசல் அடைக்கிறோம். சிவில் பசங்க கரண்டி எடுத்துட்டு வாங்க. சிமென்ட் என் செலவு.