பாட்டுக் கேட்கப் போன இரவு



“புருஷனைத் தேடித் திரிகிறவளுக்குப் பாட்டுக் கச்சேரி ஒரு கேடா?”

வண்ணாத்திவில்லுவில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து, சிரம்பியடிக்குப் போக நாங்கள் வான் பிடித்தபோது என் காதில் விழுந்த பேச்சு இது. வன்னியிலிருந்து வந்து உறவினரோடு தங்கியிருக்கும் ஒரு தங்கச்சியைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார்கள். 2009 இல் யுத்தத்தின் கடைசி மாதங்களில் அவரது கணவர் காணாமற்போனார். அன்றிலிருந்து அவருக்குக் கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம் மட்டும்தான். விண்ணப்பம், கடிதம், வரிசை என்றே காலம் போய்விட்டது.

“நான் வரவில்லை அக்கா, சனம் கதைக்கும்” என்றார். “நீங்கள் வராவிட்டாலும் கதைக்கும் சனம்தானே, ஏறுங்கோ” என்று ஒரு வயதான அம்மா கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

சிரம்பியடி புத்தளம் நகருக்கு அருகே, அநுராதபுரம் போகும் வீதியில் இருக்கிறது. அங்கே ஆபிரிக்க வழிவந்த சில குடும்பங்கள் வாழ்கின்றன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆண்ட காலங்களில் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி அவர்கள். ஊரார் ‘காப்பிரி’ என்றார்கள். இன்று அவர்கள் தங்களை இலங்கை ஆபிரிக்கர் என்கிறார்கள். வீட்டில் பேசுவது சிங்களம். ஆனால் பாடும்போது மட்டும் மூதாதையர் பேசிய போர்த்துக்கேயக் கலப்பு மொழி வருகிறது. அந்தப் பாட்டுக்கு ‘மஞ்சா’ என்று பெயர்.

பெரிய மேடையும் விளக்கும் இல்லை. முற்றத்தில் கதிரைகள் போட்டிருந்தார்கள். றபானும் மேளமும் இருந்தன. மற்றவையெல்லாம் எங்கள் குசினிச் சாமான்கள்தான்: சிரட்டை, கரண்டி, போத்தல். பாட்டைத் தொடங்கியவர்கள் பெண்கள். முதலில் ஆறுதலாக, யாரையோ தூரத்திலிருந்து கூப்பிடுவதுபோல ஒரு குரல் எழுந்தது. மற்றவர்கள் சேர்ந்தார்கள். இரண்டு மூன்று வரிகள்தான், திரும்பத் திரும்ப வந்தன. தாளம் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்தது. தலை நரைத்த ஒரு அம்மா எழுந்து ஆடத் தொடங்கினார். அதன் பிறகு யாரும் சும்மா இருக்கவில்லை.

இந்தப் பாட்டின் பொருள் என்ன என்று கேட்டோம். “எங்கள் அம்மா பாடினா, நாங்களும் பாடுகிறோம்” என்று சிரித்தார் அவர். சொற்களின் பொருள் அங்கே சிலருக்குத்தான் தெரியும். மொழி கைவிட்டுப் போனாலும் குரலை மட்டும் அவர்கள் விடவில்லை.

இதேபோல ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்கள் அமெரிக்காவிலும் ஒரு பாட்டை உருவாக்கினார்கள். அதை ‘புளூஸ்’ என்பார்கள். புளூ என்றால் நீலம் என்பது நாம் அறிந்தது. மனச்சோர்வையும் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வதுண்டு. அங்கே அடிமைமுறை 1865 இல் ஒழிந்தது. ஆனால் பருத்தித் தோட்டங்களில் வறுமை ஒழியவில்லை. அந்தத் துன்பத்தில்தான் புளூஸ் வளர்ந்தது. ஒரு வரியைப் பாடி, அதையே இன்னொருமுறை பாடி, மூன்றாம் வரியில் அதற்குப் பதில் சொல்வது அதன் வழக்கம். சாவீட்டில் ஒருவர் சொல்லி அழ, மற்றவர்கள் சேர்ந்து அழும் எங்கள் ஒப்பாரியை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்.

புளூஸை முதன்முதலில் இசைத்தட்டில் பாடிப் புகழ்பெற்றவர்களும் பெண்கள்தான். 1920 இல் மாமி ஸ்மித் பாடிய இசைத்தட்டு பெருமளவில் விற்பனையானது. பின்னர் பெஸி ஸ்மித் வந்தார். வெள்ளத்தில் வீடிழந்து வெளியேறும் ஒரு பெண்ணின் துயரத்தை அவர் 1927 இல் பாடிப் பதிவு செய்தார். விட்டுப்போன புருஷன், கையில் காசில்லாத நாட்கள், சிறைச்சாலை எல்லாம் அந்தப் பாடல்களில் வரும். ஆனால் அவற்றைக் கேட்க வந்த சனம் ஆடவும் செய்தது. துக்கத்தை வாய்விட்டுச் சொன்னதால் அவர்களின் துக்கம் மலிந்துபோகவில்லை.

அன்றிரவு அந்தத் தங்கச்சி முதலில் கடைசிக் கதிரையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இருந்தார். மூன்றாவது பாட்டில் ஒரு பிள்ளை அவர் கையில் இரண்டு சிரட்டைகளைக் கொடுத்தது. கொஞ்ச நேரம் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டத் தொடங்கினார். கண்ணீர் வழிந்தது, ஆனால் தட்டுவதை நிறுத்தவில்லை.

திரும்பும் வழியில், வானின் இருட்டில், “அவர் இருந்தால் இதைக் கேட்டு நல்லாய்ச் சிரித்திருப்பார். கன காலத்துக்குப் பிறகு அவருடைய சிரிப்பு ஞாபகம் வந்தது அக்கா” என்றார். அதுவரை அவருக்கு ஞாபகம் வந்ததெல்லாம் கடைசியாகப் பார்த்த நாள் மட்டும்தானாம்.

சகோதரிகளே, இழந்தவர்களும் தேடுகிறவர்களும் எங்களிடையே பலர் இருக்கிறோம். நாங்கள் ஒரு பொழுது சிரித்தால் போனவர்களை மறந்துவிட்டோம் என்று ஊர் நினைக்கிறது. நாங்களே அப்படி நினைத்துப் பயப்படுகிறோம். இது தவறு. துக்கம் காப்பதற்கு வாயைக் கட்டிக்கொள்ளத் தேவையில்லை.

உங்கள் சங்கத்தில் மாதத்தில் ஒரு மாலையைப் பாட்டுக்கென்று ஒதுக்கிப் பாருங்கள். பாய் விரித்து, தேத்தண்ணி வைத்து, வயதான அம்மாமாரைத் தாலாட்டும் நாட்டுப் பாட்டும் பாடச் சொல்லுங்கள். பாட விருப்பமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம், வந்து இருந்தாலே போதும். எழுதத் தெரிந்த பிள்ளைகள் அந்தப் பாட்டுகளைப் பொருளோடு ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். பொருள் சொல்ல ஆட்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.

அந்தத் தங்கச்சியைப் பற்றிக் கதைத்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலை அவர் வழக்கம்போலத் தன் கோப்பை எடுத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் கச்சேரிக்குப் போனார்.