யூதப் பெண்களின் படிப்பும் புருஷன் கைச் சீட்டும்

மதத்தை விடாமலே பெண்களுக்கு உயர்தரக் கல்வி கொடுத்துவிட்டோம் என்று யூத வைதீகர்கள் பெருமை பேசுகிறார்கள். மகளுக்கு வேதம் சொல்லிக் கொடுப்பவன் அவளுக்கு ஆபாசத்தையே சொல்லிக் கொடுப்பவனாவான் என்று தால்முத் என்னும் அவர்களது சாஸ்திரத்தில் ஒரு குருவின் வாக்கு இருக்கிறது. அப்படியிருந்தும் 1917-ல் கிராக்கோ நகரில் சாரா ஷெனிரர் என்னும் தையல்காரப் பெண்மணி பெண்களுக்கு வேதப் பள்ளி தொடங்கினார். 1954-ல் நியூயார்க் யெஷிவா சர்வகலாசாலையார் ஸ்டெர்ன் மாதர் காலேஜை ஏற்படுத்தினார்கள். அங்கே வேதமும் விஞ்ஞானமும் சேர்ந்தே கற்பிக்கப்படுகின்றன. படிப்பு எந்த வாசல் வழியாக வந்தாலும் நாம் வரவேற்கவே செய்வோம்.

நிற்க, நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். டாக்டராகவும் வக்கீலாகவும் ஆகிவிட்ட அப்பெண், வேண்டாத புருஷனை விட்டுத் தானாக விலக முடியுமா? அவன் மனமிரங்கி 'கெட்' என்னும் விடுதலைச் சீட்டைக் கொடுத்தாலொழிய, வைதீக விதிப்படி அவன் சாகும்வரை அவள் கட்டுண்டவளே! இஸ்ரேலில் 1953-ம் வருஷத்துச் சட்டப்படி யூதர்களின் விவாகரத்து குருமார் கோர்ட்டின் கையிலிருக்கிறது. 2006-ல் ஒரு பெண் சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதியான அத்தேசத்தில், குருமார் கோர்ட்டில் மட்டும் பெண் நீதிபதியாகக் கூடாதாம்!

சாஸ்திரம் படிக்கலாம், ஆனால் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்றால், அந்தப் படிப்பு விலங்குக்குப் பூசிய தங்க முலாமே தவிர வேறென்ன? படித்த பெண்கள் இனிக் கேட்க வேண்டியது இன்னொரு பட்டத்தையல்ல. தீர்ப்புச் சொல்லும் அந்த ஆசனத்தையும், புருஷன் தயவின்றி விலகும் உரிமையையுமேயாகும் என்று சொல்லுவோம்.