மிருகங்களோடும் ஓர் உடன்படிக்கை

பிரசங்கத்தில் ஆடு வந்தால் அது சபை மக்கள். ஓநாய் வந்தால் கள்ளப் போதகர். சர்ப்பம் வந்தால் சாத்தான். புறா வந்தால் பரிசுத்த ஆவி. நம் தமிழ்ச் சபைகளில் வேதத்து மிருகங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இவ்வளவில் நின்றுவிடுகிறது. இந்த வாசிப்பைப் பிழை என்று சொல்லமாட்டேன். இயேசுவே தம்மை நல்ல மேய்ப்பன் என்றார். ஆனால் வேதாகமத்தில் ஆடு ஆடாகவே, மாடு மாடாகவே, தனக்கென ஒரு நியாயத்தோடு நிற்கும் இடங்கள் ஏராளம். அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறோம். செம்பனைத் தோட்டங்களும் மிச்சமிருக்கும் சதுப்புக் காடும் உள்ள, மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துக் கோலலங்காட் வட்டாரத்தில், ஜெஞ்சாரோம் போன்ற ஊரில் வாழும் கிறிஸ்தவனுக்கு, இப்படித் தாண்டிப்போவது சிறிய விஷயமல்ல.

நோவாவின் கதையையே எடுத்துக்கொள்வோம். வானவில் மனிதனுக்குக் கடவுள் தந்த வாக்கு என்றுதான் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆதியாகமம் 9ஆம் அதிகாரம் அப்படிச் சொல்லவில்லை. நோவாவோடும் அவன் சந்ததியோடும் மட்டுமின்றி, பேழையை விட்டு இறங்கிய பறவை, நாட்டு மிருகம், காட்டு மிருகம் அத்தனையோடும் அந்த உடன்படிக்கை செய்யப்படுகிறது. சில வசனங்களுக்குள்ளேயே இது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. உபாகமம் இன்னும் கிட்டே வருகிறது. கதிர் மிதிக்கும் மாட்டின் வாயைக் கட்டக் கூடாது என்கிறது 25ஆம் அதிகாரம். போகிற வழியில் மரத்திலோ தரையிலோ ஒரு குருவிக்கூடு கண்ணில் பட்டால், குஞ்சையோ முட்டையையோ எடுக்கலாம், அவற்றின்மேல் உட்கார்ந்திருக்கும் தாயை விட்டுவிட வேண்டும் என்கிறது 22ஆம் அதிகாரம். அதற்கு வைத்திருக்கும் பரிசு நீடித்த நாட்கள். தாய் தகப்பனைக் கனம்பண்ணுகிறவனுக்குப் பத்துக் கட்டளையில் சொல்லப்பட்ட அதே பரிசு! யோனா புத்தகத்தில் நினிவே நகரத்து ஆடுமாடுகளும் மனிதரோடு சேர்ந்து உபவாசம் இருக்கின்றன. நகரத்தை ஏன் அழிக்கவில்லை என்பதற்குக் கடவுள் சொல்லும் காரணத்தில் 1,20,000 பேருக்கு மேற்பட்ட மக்களோடு மிருகங்களும் சேர்கின்றன. அந்தப் புத்தகமே அவற்றைச் சொல்லித்தான் முடிகிறது.

ஓய்வுநாள் கட்டளையைத் தோட்டத்துப் பின்னணி கொண்ட நம்மவர்கள் மற்றெவரையும்விட ஆழமாக உணர வேண்டும். வேலைக்காரன், வேலைக்காரி, ஊருக்குள் வந்து தங்கிய அந்நியன், மாடு, கழுதை எல்லாம் அங்கே ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். கடல் கடந்து அந்நியராக வந்து கூலி வேலை செய்த தலைமுறைகள் நம்முடையவை. லயத்து வீடுகளின் பின்னால் மாட்டுக்கொட்டகை இருந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு, எத்தனையோ தோட்டங்களில் வெட்டிய குலைகளை எருமை வண்டிதான் சாலையோரம் கொண்டு சேர்த்தது. ஆளும் மாடும் ஒரே வெயிலில் உழைத்தார்கள்; இருவருக்கும் ஓய்வு ஒரே வாக்கியத்தில் கட்டளையிடப்பட்டிருக்கிறது. 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்குகள் நலச் சட்டம், வதை செய்பவருக்கு 20,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அடித்தால் தண்டனை என்பதற்கு முன்பே, வேலை செய்யும் பிராணிக்குத் தின்னவும் இளைப்பாறவும் உரிமை உண்டு என்ற இடத்திலிருந்து தொடங்குகிறது மோசேயின் சட்டம்.

இதற்கு மறுப்புகள் உண்டு. மனிதனுக்குப் பூமியை ஆளும் அதிகாரம் ஆதியாகமம் முதல் அதிகாரத்திலேயே தரப்பட்டிருக்கிறதே என்பார்கள். 1967இல் வரலாற்றாசிரியர் லின் ஒயிட், சுற்றுச்சூழல் நெருக்கடிக்கு மேற்கத்தியக் கிறிஸ்தவமே பெரும் பொறுப்பு என்று குற்றம் சாட்டியதும் இந்த மனப்போக்கை வைத்துத்தான். ஆனால் ஆதியாகமத்தின் அதே இடத்தில் அடுத்த இரண்டு வசனங்களையும் படிக்க வேண்டும். மனிதனுக்கும் மிருகத்துக்கும் உணவாக அங்கே தரப்படுவது செடிகொடிதான். இறைச்சிக்கு அனுமதி வெள்ளத்துக்குப் பிறகே வருகிறது. தன் குடிகளைத் தின்ன முடியாத அரசனின் ஆட்சி அது. பவுலைக் காட்டுவோரும் உண்டு. கதிர் மிதிக்கும் மாட்டைப் பற்றிய சட்டம் நமக்காகவே எழுதப்பட்டது என்று கொரிந்தியருக்கு அவர் எழுதினாரே? அவர் அங்கே நிறுவ வந்தது ஊழியனின் கூலியை. மாட்டுக்கே பங்கு உண்டென்றால் மனிதனுக்கு எவ்வளவு என்று போகும் வாதம் அது. மாட்டுக்கு உரிமையே இல்லையென்றால் அந்த வாதம் நிற்காது. ரோமர் 8இல் படைப்பு முழுவதும் பிரசவ வேதனையில் மீட்புக்குக் காத்திருப்பதாக எழுதியவரும் இதே பவுல்தான். இவற்றைவிடக் கடினமானது, இயேசு துரத்திய அசுத்த ஆவிகள் புகுந்ததால் கடலில் பாய்ந்து மாண்ட ஏறத்தாழ 2,000 பன்றிகளின் கதை. மிருகங்களுக்கு நாம் கடன்பட்டவர்கள் அல்ல என்பதற்குப் புனித அகுஸ்தீன் இதையே ஆதாரமாக எடுத்தார். எனக்கு அது ஏற்புடையதல்ல. பன்றிகளை அழிவுக்கு ஓட்டியவை அசுத்த ஆவிகள். தீமை எதைத் தொட்டாலும் அழிக்கும் என்பதைக் காட்டும் கதையிலிருந்து நமக்கான நடத்தை விதியை எடுக்க முடியாது. அடைக்கலான் குருவி ஒன்றுகூடக் கடவுளால் மறக்கப்படுவதில்லை என்று சொன்னவரும் இயேசுதானே.

நமக்கு உதவும் பிராணியைக் காப்பது எளிது. எலியைப் பிடிக்கும் என்பதால் செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டுப் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறோம். யோபு புத்தகம் அதைத் தாண்டிப் போகிறது. மனிதனே இல்லாத வனாந்தரத்திலும் மழை பெய்வதைக் கடவுள் யோபுக்குக் காட்டுகிறார். காட்டுக்கழுதையையும் வரையாட்டையும் காட்டுகிறார். யோபுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. கோலலங்காட் வடக்கு வனக்காப்பகத்தின் சதுப்புநீரில், சிலாங்கூரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிவப்புச் சண்டை மீன் வாழ்கிறது. அதனாலும் நமக்கு லாபம் இல்லை. அந்தக் காப்பகத்தில் எஞ்சியிருந்த சுமார் 958 ஹெக்டரில் 931 ஹெக்டரை மேம்பாட்டுக்காக எடுக்கச் சிலாங்கூர் அரசு முனைந்தது. தெமுவான் பூர்வகுடி மக்களும் சூழலியல் ஆர்வலர்களும் எதிர்த்துப் போராடினார்கள். 2021 செப்டம்பரில் அரசு பின்வாங்கியது. மனிதருக்கே ஆயிரம் குறையிருக்க மீனுக்கு என்ன வக்காலத்து என்பவர்கள், அந்தக் காட்டோடு சேர்ந்து யார் வாழ்வு போயிருக்கும் என்று பார்க்கட்டும். 2018இல் சட்டவிரோதப் பிளாஸ்டிக் ஆலைகளின் புகை ஜெஞ்சாரோம் மக்களின் நெஞ்சை அடைத்தபோதும், அதே காற்றைத்தான் பறவையும் சுவாசித்தது.

அக்டோபர் 4, அசிசி பிரான்சிஸ் திருநாள். அன்று நாய் பூனைகளை மந்திரிப்பதோடு நின்றுவிடாமல், அந்த வாரம் உபாகமம் 22ஐயும் யோபு 38, 39ஐயும் வாசித்துப் பிரசங்கியுங்கள்; கோலலங்காட் காட்டைப் பெயர் சொல்லி மன்றாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கிள்ளான் பள்ளத்தாக்கின் போதகர்களையும் பங்குத்தந்தையரையும் கேட்டுக்கொள்கிறேன்.