வெயில் போதும், கூரைதான் இல்லை

சூரிய மின்சாரத்தால் மின்கார் ஓட்டுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்று கருத்தரங்குகளில் தீர்ப்பளிப்போர், ஓர் எளிய பெருக்கல் கணக்கைக்கூடப் போட்டுப் பார்ப்பதில்லை. நிழல் விழாத 100 சதுர அடிக் கூரையில் ஏறத்தாழ 1 கிலோவாட் தகடுகளைப் பொருத்தலாம். பெங்களூரு வெயிலில் அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். சிறிய மின்கார் ஒரு யூனிட்டில் 6, 7 கிலோமீட்டர் ஓடும். நாள்தோறும் 40 கிலோமீட்டர் செல்பவருக்கு, மின்னேற்ற இழப்பையும் சேர்த்து, 200 சதுர அடி போதும். (காரின் கூரையிலேயே தகடு ஒட்டிவிடலாம் என்போர் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் கனவு காண வேண்டாம்.)

ஆனால் "உங்கள் மாடியே உங்கள் பெட்ரோல் பங்க்" என்னும் எதிரணி முழக்கத்தை நீலசந்திராவின் எந்தச் சந்தில் நின்று சொல்வது? சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். தளத்துக்கொரு குடித்தனம். மாடியில் தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, அடுத்த கட்டடத்தின் நிழல். வாடகைக்கு இருப்பவருக்கு அந்த மாடியிலும் உரிமையில்லை. வண்டி நிற்பதோ தெருவில். 2024 பிப்ரவரியில் தொடங்கிய 'பி.எம். சூர்ய கர்' திட்டம் 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது, கூரை உடையவர்க்கு. கார் வாங்க வசதியுள்ள சொந்த வீட்டுக்காரருக்கே மீண்டும் ஒரு சலுகை. இதற்குப் பசுமைப் புரட்சி என்று பெயர்.

கூரை இருந்தாலும் பொழுது ஒத்துழைப்பதில்லை. பகலில் அலுவலகத்தில் நிற்கும் கார், வெயில் தாழ்ந்த பின்னரே வீடு திரும்புகிறது. துமகூரு மாவட்டத்துப் பாவகடாவில் உழவர்களிடம் குத்தகைக்குப் பெற்ற ஏறத்தாழ 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா நண்பகலில் கொழிக்கிறது. இரவு பத்து மணிக்குச் செருகியை மாட்டுபவருக்கு அதனால் என்ன பயன்? அப்போது வருவதில் ராய்ச்சூர் நிலக்கரிக்கும் பங்குண்டு.

ஆகவே கார் பகலில் எங்கே நிற்கிறதோ அங்கேதான் மின்னேற்றம் வேண்டும். கொச்சி விமான நிலையம் தன் வாகன நிறுத்துமிடத்துக்கே சூரியத் தகடுகளால் கூரை வேய்ந்திருக்கிறது. வெயில் நேரக் கட்டணம் இயல்பான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 விழுக்காடு தாழ்ந்திருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2023 ஜூனிலேயே விதி திருத்தியது. பகலெல்லாம் ஓடியாக வேண்டிய நீலசந்திராவின் ஆட்டோக்காரருக்கோ இதுவும் உதவாது. நண்பகலில் நிரப்பி வைத்த மின்கலத்தைச் சில நிமிடங்களில் மாற்றித் தரும் நிலையம் அவர் தெருமுனையில் வேண்டும்.

நிலைத்த வளர்ச்சி குறித்து ஆண்டுதோறும் மாநாடு கூட்டும் நம் பல்கலைக்கழகங்களைக் கேட்கிறேன்: காலை பத்து முதல் மாலை ஐந்து வரை உங்கள் வளாகத்து வெயிலில் காயும் கார்களுக்கு எத்தனை செருகிகள் வைத்திருக்கிறீர்கள்?