எழுதினவன் கெடுத்த ஏடு

இலக்கியக் கூட்டங்களையும் கூத்து நிகழ்வுகளையும் காணொளியாக்கி வலையேற்றும் நண்பர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அவர்களுடைய உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கைக்காசு செலவழித்து, இரவு முழுதும் கண்விழித்து, நன்றிகூடக் கிடைக்காமல் செய்யப்படும் பணி அது. ஆனால் வலையேறி வந்து சேர்வது என்ன? பேச்சாளரின் கை உயரும்போது திக்கித் திக்கி உயர்கிறது. முகத்தின் மீது கரும்பட்டைகள் மேலும் கீழும் ஊர்கின்றன. இருபதாம் நிமிடத்திலிருந்து உதடு ஒரு வழியும் குரல் ஒரு வழியுமாகப் பிரிந்து போகின்றன. கேட்டால் வரும் விடை ஒன்றுதான்: “கேமரா பழசு, அடுத்த ஆண்டு 4கே வாங்கிவிடுவோம்.”

வாங்கலாம். வாங்கிய பிறகும் திக்கத்தான் செய்யும். காணொளியின் ஓட்டத்தைக் குலைப்பதில் கருவியின் விலைக்குப் பங்கு குறைவு. பதிவு, தொகுப்பு, வலையேற்றம் ஆகிய மூன்று நிலைகளிலும் ஒரே எண்ணைக் காக்கத் தவறும் அலட்சியமே பெரும்பாலும் காரணம். அந்த எண், ஒரு நொடிக்கு எத்தனை சட்டகங்கள் என்பது.

தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்க நம் வீட்டு உவமையே போதும். “எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்” என்பது பழமொழி. ஏடு பெயர்த்தெழுதியவர் ஒவ்வொருவரும் ஓர் எழுத்தை விட்டார், ஓர் எழுத்தைச் சேர்த்தார், பாடபேதம் பிறந்தது. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே.சா.வுக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பல சுவடிகள் இருந்தன. நம் கூட்டங்களின் பதிவுக்கோ பெரும்பாலும் ஒரே பிரதி. ஒப்பிட்டுத் திருத்த வேறு ஏடு கிடையாது.

சட்டகம் விடுபடுவதும் எழுத்து விடுபடுவதும் ஒன்றே. 30 சட்டகத்தில் எடுத்த காட்சியை 25 சட்டகத் தொகுப்பு வரிசையில் இட்டால், மென்பொருள் ஆறு சட்டகங்களுக்கு ஒன்றைத் தூக்கி எறியும். நொடிக்கு ஐந்து தாவல். 25இல் எடுத்ததை 30இல் இட்டால் நொடிக்கு ஐந்து சட்டகங்கள் இரட்டிக்கும். 25இல் எடுத்ததை 24இல் இட்டால் நொடிக்கொரு தாவல். இவற்றை மறைக்க இரு சட்டகங்களைக் குழைத்துக் கலக்கும் வசதியும் மென்பொருளில் உண்டு. அதைப் பயன்படுத்தினால் பேச்சாளருக்கு மூன்றாவது கை முளைக்கும். இவற்றில் எந்தப் பிழையையும் கருவியின் விலை தீர்த்துவைக்காது.

அடுத்த வினா, எந்த எண்? விடை நம் கூரையில் தொங்கும் விளக்குகளில் இருக்கிறது. இந்திய மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. பழைய சோக் பூட்டிய குழல்விளக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை, அதாவது நொடிக்கு 100 முறை, மங்கி எழும். மலிவான எல்.இ.டி. விளக்குகளிலும் பல அப்படியே. ஷட்டர் 1/50 நொடியோ 1/100 நொடியோ திறந்திருந்தால் ஒவ்வொரு சட்டகத்திலும் முழுத் துடிப்புகள் அடங்கிவிடும். ஒளி சீராக இருக்கும். 1/60 என்று வைத்தால் ஒரு சட்டகத்துக்குத் துடிப்பின் மேடும் அடுத்ததற்குப் பள்ளமும் அகப்படும். முகத்தில் ஊரும் கரும்பட்டை அதுவே. எனவே கூட்டத்துக்கு 25 சட்டகம், 1/50 ஷட்டர். கூத்துக்கு 50 சட்டகம், 1/100 ஷட்டர்.

“கைப்பேசித் திரைகளும் கணினித் திரைகளும் பெரும்பாலும் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன, 25 அதில் சரியாக வகுபடாதே, 30 அல்லவா பொருத்தம்?” என்று விவரம் அறிந்த ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 60இன் மீது 25 ஓடும்போது சில சட்டகங்கள் இருமுறையும் சில மும்முறையும் காட்டப்படுகின்றன. கூர்ந்து பார்க்கும் கண்ணுக்கு மெல்லிய நடுக்கம் தெரியும். அதைப் பொறுக்காதவர் 30இல் எடுக்கட்டும். ஷட்டரை மட்டும் 1/100இல் நிறுத்தட்டும். இரண்டும் ஏற்கத்தக்க வழிகளே. வழியில் பாதியில் மாறுவதே குற்றம்.

ஏற்க முடியாதது ஒன்று உண்டு: “சினிமாத் தோற்றம்” வேண்டி 24இல் எடுக்கும் மோகம். திரையரங்கப் படச்சுருளுக்கு வகுத்த எண்ணை, குழல்விளக்கின் கீழே நடக்கும் நூல் வெளியீட்டு விழாவுக்கு எதற்காகச் சுமத்துகிறார்கள்? நம் மின்சாரத்தோடும் அது இணங்காது, 60 முறை புதுப்பிக்கும் திரையோடும் இணங்காது. புரிசை போன்ற ஊர்களின் மரபில் வரும் கூத்தில், கட்டை கட்டிய வேடக்காரர் சுழன்றாடும் அடவை 24இல் எடுத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுகள் மின்னும் புஜக்கட்டை, வெறும் தீற்றலாகக் கரைந்துவிடும். முகவீணையின் ஓட்டத்தோடு கால் எங்கே விழுந்தது என்று நாளை ஓர் ஆய்வு மாணவர் தேடினால், அந்தக் கால் எந்தச் சட்டகத்திலும் இராது. யூடியூப் 2014 முதல் 60 சட்டகம் வரை காட்டுகிறது. வசதி இருந்தும் அடவை ஏன் சிதைக்க வேண்டும்?

கருவி வாங்குவோர் கடையில் கேட்க வேண்டியவை மிகச் சில. ஷட்டரை நம் கையால் நிறுத்த முடியுமா? 25, 50 சட்டகங்கள் உண்டா? வெளி ஒலிவாங்கிக்குத் துளை உண்டா? மின்னிணைப்பில் வைத்தபடி மணிக்கணக்கில் பதியுமா? கடைசிக் கேள்வி முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க வரியை முன்னிட்டு, ஒளிப்படக் கருவிகள் பலவற்றில் 29 நிமிடம் 59 நொடியோடு பதிவு நின்றுபோகும்படி அமைத்திருந்தார்கள். பழைய கருவியை இரண்டாம் கையாக வாங்குவோர் இதை அறிந்திருப்பது நல்லது. இல்லையேல் பேச்சாளர் விஷயத்துக்கு வரும்போது கருவி உறங்கிவிடும். அமெரிக்க உறவினர் அன்போடு வாங்கிவந்த கேம்கோடர்களில் பல 30, 60 சட்டகங்களை மட்டுமே அறியும். அவற்றில் 25ஐத் தேடாமல் கடைசிவரை 30இலேயே செல்க.

கருவிக்குள் அணைக்க வேண்டிய விசைகள் சில. மங்கிய ஒளியில் ஷட்டரைத் தானே 1/25க்கு இறக்கும் “ஆட்டோ ஸ்லோ ஷட்டர்” முதலாவது. கையசைவையெல்லாம் புகையாக்குவது அதுதான். முக்காலியில் பூட்டிய பிறகு நடுக்கம் தணிக்கும் வசதியும் வேண்டியதில்லை. முக்காலி இல்லாமல் எடுப்பவருக்கு ஒரு சொல்: கை நடுங்கினால் ஒவ்வொரு சட்டகமும் முந்தியதிலிருந்து முற்றிலும் வேறாகிறது, சுருக்க நிரல் தன் பிட்டுகளை எல்லாம் பின்சுவரின் அசைவுக்கே செலவழித்துவிட்டு, முகத்தைக் கட்டம் கட்டமாக விட்டுவிடுகிறது.

கைப்பேசியில் பதிவோர் இன்னும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். பல கைப்பேசிகள் ஒளி குறையும்போது சட்டக எண்ணிக்கையைத் தாமாகவே கூட்டிக் குறைக்கின்றன. உதடும் குரலும் பிரியும் நோயின் மூலம் பெரும்பாலும் இதுவே. தொகுக்கும் முன் ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் மாறாத சட்டக எண்ணுக்கு மாற்றிக்கொண்டால் நோய் தீரும். டாவின்ஸி ரிசால்வில் தொகுப்போர், கோப்புகளை உள்ளே இழுக்கும் முன்பே திட்டத்தின் சட்டக எண்ணை அமைக்கவேண்டும். இழுத்த பிறகு அது மாற்ற விடாது.

வலையேற்றத்தில் நாம் மறந்துவிடுவது, யூடியூப்பும் ஓர் ஏடெழுதுவோன் என்பதை. எதைக் கொடுத்தாலும் அது மறுபடி சுருக்கித் தன் படிகளை எழுதிக்கொள்ளும். அந்தக் கையை நாம் திருத்த இயலாது. மூலத்தைத் தூயதாகக் கொடுக்க இயலும். 1080 வரிகளுக்கு 25 சட்டகமெனில் நொடிக்கு 8 மெகாபிட், 50 எனில் 12 என்பது அவர்களே தரும் அளவு. ஒலிக்கு 48 கிலோஹெர்ட்ஸ். இரண்டு மணி நேரப் பேச்சு 8 மெகாபிட்டில் 7 ஜிபியைச் சற்றே தாண்டும். அதையே 4கேயில் 45 மெகாபிட்டில் ஏற்றினால் 40 ஜிபி. அசையாமல் நின்று பேசும் ஒருவரைக் காட்ட 40 ஜிபி ஏன்?

பழைய மினிடிவி நாடாக்களை வைத்திருப்போர் கவனத்துக்கு: அவற்றில் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் வெவ்வேறு கணத்தில் பதிந்தவை. அப்படியே ஏற்றினால் அசையும் கை சீப்புப் பல்லாகத் தெரியும். அரைப்படங்களை விரித்து 50 முழுச் சட்டகங்களாக்குங்கள். 576 வரிகளை 720க்கு உயர்த்திய பின் ஏற்றுங்கள். 720க்குக் கீழான தரங்களில் யூடியூப் சட்டகங்களைப் பாதியாக்கிவிடும்.

“பேச்சு காதில் விழுந்தால் போதாதா, இலக்கியத்துக்கு ஏன் இந்தத் தொழில்நுட்பக் கணக்கு?” என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. போதும் என்றால் ஒலிப்பதிவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; அது நேர்மையானது. படம் பிடித்தபின், ஓர் எழுத்தாளர் சொல்லைத் தேடி நின்ற மௌனமும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்த கையும் பிரதியின் பகுதியாகிவிடுகின்றன. அவர் மறைந்தபின் அந்த மௌனம் வேறெங்கும் கிடைக்காது. அச்சுப்பிழை மலிந்த நூலைக் கையில் எடுத்தால் பதிப்பாளரைத் திட்டித் தீர்க்கும் நாம், சட்டகப்பிழை மலிந்த காணொளிக்கு “முயற்சிக்குப் பாராட்டுகள்” என்று எழுதிவிட்டுப் போகிறோம். இந்தப் பெருந்தன்மை பதிவுக்குச் செய்யும் துரோகம்.

ஆகவே கருவிக்கு நிதி திரட்டுவதற்கு முன், குழுவினர் அனைவரும் ஒரு தாளில் ஓர் எண்ணை எழுதிக் கையொப்பமிடட்டும். கூட்டத்துக்கு அரைமணி முன்னதாகப் போய், அந்த விளக்கின் கீழ் ஒரு நிமிடம் சோதனையாகப் பதிந்து பார்க்கட்டும். வலையேற்றியதும் மூலக்கோப்பை அழிக்காமல் இரண்டு வன்தட்டுகளில் வைக்கட்டும். 4கே பற்றி அதன் பிறகு பேசுவோம்.