பழைய வரைபடத்தின் விலை

காரின் முகப்புப் பலகையிலேயே பொருத்தி விற்கப்படும் வழிகாட்டிக் கருவியைத் திறன்பேசி வீழ்த்திவிட்டது என்பதில் ஐயமில்லை என்றாலும், அந்த வீழ்ச்சிக்குக் கருவியின் திறமைக்குறைவே காரணம் என்று பரவலாக நம்பப்படுவது சரியன்று. வாகனம் இந்த நொடியில் எங்கே நிற்கிறது என்று கணிப்பதில் அந்தக் கருவி இன்றும் பல வேளைகளில் திறன்பேசியை விஞ்சி நிற்கிறது. அதன் வரைபடம் விரைவில் பழசாகிப்போனதும், பழசானதைப் புதுப்பிக்க ஒவ்வொரு முறையும் உரிமையாளரிடம் பணம் கேட்டதுமே அதற்கு வினையாயின.

செயற்கைக்கோள்களின் துணை கிடைக்கும் முன்பே கார்கள் வழிகாட்டத் தொடங்கியிருந்தன. 1981இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் கொண்டுவந்த எலெக்ட்ரோ ஜைரோகேட்டர் என்னும் கருவி, வாகனம் எப்பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்பதைச் சுழல்மானியாலும், எவ்வளவு தூரம் ஓடியது என்பதைச் சக்கரத்தின் ஓட்டத்தாலும் அறிந்து, ஒளிபுகும் தாளில் அச்சிட்ட வரைபடத்தின்மீது வாகனத்தின் இடத்தைக் காட்டியது. 1985இல் கலிபோர்னியாவில் விற்பனைக்கு வந்த ஈடாக் நேவிகேட்டர், வரைபடத்தைக் கேசட் நாடாக்களில் பதிந்து வைத்திருந்தது. கணித்த இடம் சற்றே பிசகினாலும், கார் ஒரு தெருமுனையில் திரும்பியவுடன் அந்தத் திருப்பத்தை வரைபடத்திலுள்ள சாலையோடு ஒப்பிட்டுப் பிழையைத் திருத்திக்கொண்டது. புறப்பட்ட இடம், கடந்த தூரம், திரும்பிய திசை ஆகிய மூன்றைக் கொண்டு தற்போதைய இடத்தைக் கணிக்கும் இம்முறை, கரை தெரியாத கடலில் மாலுமிகள் நெடுங்காலம் கையாண்டதுதான்.

ஜிபிஎஸ் எனப்படும் அமெரிக்கச் செயற்கைக்கோள் அமைப்பின் முதற்கோள் 1978இல் ஏவப்பட்டது. 1995இல் அமைப்பு முழுமையாக இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இக்கோள்கள் தம் நேரத்தையும் இருப்பிடத்தையும் ஓயாமல் அலைபரப்ப, குறைந்தது நான்கு கோள்களின் அலைகள் வந்துசேர எடுத்த காலத்தை ஒப்பிட்டு, தரையிலுள்ள ஏற்பி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. பொதுமக்களுக்கான அலைவரிசையில் அமெரிக்கா வேண்டுமென்றே கலந்துவந்த பிழை, 2000 மே மாதத்தில் அதிபர் கிளிண்டனின் ஆணையால் நீக்கப்பட்ட பிறகுதான், நூறு மீட்டர் வரை தடுமாறிய கணிப்பு ஒரு சாலையைப் பக்கத்துச் சாலையிலிருந்து பிரித்தறியும் அளவுக்குத் துல்லியமானது.

இங்கே ஒரு தவறான கருத்தைக் களைவது நல்லது. ஜிபிஎஸ் ஏற்பி கேட்க மட்டுமே செய்கிறது. அதற்கு இணையம் தேவையில்லை. செயற்கைக்கோள் தன் சுற்றுப்பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்னும் ஆமை வேகத்தில் அனுப்புவதால் அதை முழுதாகப் பெற அரை நிமிடமேனும் ஆகும் என்பதற்காக, திறன்பேசி அவ்விவரத்தைக் கைப்பேசிக் கோபுரத்தின் வழியே முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறது. துணைபெற்ற ஜிபிஎஸ் என்பது இதுவே. இந்தத் துணை விரைவுக்காக மட்டுமே. எனவே எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் கைப்பேசி இணைப்பு அறுந்துபோனாலும் திறன்பேசிக்குத் தன் இடம் தெரியும். அதனிடம் இல்லாமற் போவது சுற்றுப்புறத்தின் வரைபடம்தான். அடிவாரத்திலேயே அந்தப் பகுதியின் வரைபடத்தைப் பதிவிறக்கி வைப்பவருக்கு இந்தக் குறை வராது என்றாலும், பதிவிறக்கும் வசதி செயலியிலேயே இருப்பதைப் பலர் மலையேறிய பிறகே அறிகின்றனர்.

வணிகத்தின் போக்கு திரும்பியது 2009 அக்டோபரில். அதற்கு முந்தைய ஆண்டில்தான் நெதர்லாந்தின் டாம்டாம் நிறுவனம் டெலி அட்லஸ் என்னும் வரைபட நிறுவனத்தை ஏறக்குறைய 290 கோடி யூரோவுக்கும், நோக்கியா நாவ்டெக் என்னும் மற்றொரு வரைபட நிறுவனத்தை ஏறக்குறைய 810 கோடி டாலருக்கும் வாங்கி முடித்திருந்தன. சாலை வரைபடம் எண்ணெய்க் கிணறு போல நெடுங்காலம் ஊறும் சொத்து என்பது அவற்றின் கணக்கு. கூகுளோ அந்த அக்டோபரில் திருப்பத்துக்குத் திருப்பம் குரலில் வழிசொல்லும் சேவையை ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் விலையில்லாமல் அறிவித்தது. அறிவிப்பு வந்த அன்றே டாம்டாம், கார்மின் பங்குகள் சரிந்தன. இவ்விரு நிறுவனங்கள் போலத் தனியாக மாட்டும் வழிகாட்டிக் கருவி விற்றவர்களுக்கு அது கண்ணெதிரே நடந்த சரிவு; கார் நிறுவனங்களுக்கு அடி விழுந்தது மெதுவாகத்தான், ஏனெனில் அவற்றின் கருவி காரின் விலையோடு சேர்ந்தே விற்பனையாகிவந்தது.

அந்தக் கருவிகளின் வரைபடம் வட்டிலோ நினைவக அட்டையிலோ வந்தது. புதியது வேண்டுமெனில் விற்பனையகத்துக்குச் சென்று காசு கொடுக்க வேண்டும். சாலைகள் ஆண்டுக்கணக்கில் மாறாத நாட்டிலேயே இது தொல்லை. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளுக்காக மயிலாப்பூர் லஸ் போன்ற இடங்களில் போக்குவரத்து திருப்பிவிடப்பட்டு, நேற்றைய இருவழிச் சாலை இன்று ஒருவழிச் சாலையாகும் சென்னையில், இரண்டு ஆண்டு பழைய வரைபடம் வழிகாட்டுவதைவிட வழி தவறச் செய்யவே உதவும்.

வரைபடத்துக்கும் மேலாகத் திறன்பேசி கொண்டுவந்தது நெரிசல் பற்றிய அறிவு. செயலியைத் திறந்துவைத்திருக்கும் ஒவ்வொரு பேசியும் தன் நகர்வின் வேகத்தைத் தெரிவிக்க, ஒரே சாலையில் பல பேசிகள் ஊர்ந்தால் அச்சாலை சிவப்பாகிறது. பெர்லின் நகரக் கலைஞர் சைமன் வெக்கர்ட் 99 திறன்பேசிகளை ஒரு சிறு கைவண்டியில் ஏற்றிக் காலியான தெருவில் மெல்ல இழுத்துச்சென்று, அங்கே நெரிசல் இருப்பதாகச் செயலியைக் காட்டவைத்தார். 2020இல் அவர் வெளியிட்ட அந்தக் காணொளி, இம்முறையின் சூட்சுமத்தையும் பலவீனத்தையும் எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாக விளக்கியது. இச்சேவைக்குப் பயனர் பணம் தருவதில்லை என்பது மெய்யே. தன் நடமாட்டத்தைத் தருகிறார். அதைக் கொடுப்பதில் பெரும்பாலோருக்குத் தயக்கம் இருப்பதாகத் தெரியவில்லை.

திறன்பேசியின் குறைகளும் சிறியவை அல்ல. வெயிலில் கண்ணாடியருகே மாட்டிய பேசி சூடேறித் திரையை மங்கச் செய்துகொள்கிறது; ஐபோன் இயங்க ஏற்ற சூழல் வெப்பம் 35 டிகிரி வரை என்றே அதன் தயாரிப்பாளர் குறிப்பிடும்போது, சித்திரை மாதத்து வேலூரில் அதனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? வானம் தெரியாத சுரங்கப்பாதையில் செயற்கைக்கோள் அலை அறுந்தால் பேசி ஊகத்தில் ஓடுகிறது. சக்கரச் சுழற்சியையும் திருப்பத்தையும் நேரடியாக அளக்கும் வாகனக் கருவியோ, 1985இன் அதே உத்தியால் தடுமாறாமல் தொடர்கிறது. சென்னையின் கத்திப்பாரா போன்ற சந்திப்பில் கார் மேம்பாலத்தின் மேலே செல்கிறதா, கீழேயுள்ள சாலையில் செல்கிறதா என்று பேசிக்கு விளங்குவதில்லை. இதற்கென 2024இல் கூகுள் இந்தியாவின் 40 நகரங்களில், மேம்பாலத்தில் ஏற வேண்டுமா கூடாதா என்று முன்கூட்டியே சொல்லும் வசதியைச் சேர்த்தது. எனினும் அதே ஆண்டு நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, வழிகாட்டிச் செயலியை நம்பிச் சென்றதாகக் கூறப்பட்ட ஒரு கார், பாதியில் அறுந்துநின்ற பாலத்திலிருந்து ராம்கங்கை ஆற்றில் விழுந்து மூவர் இறந்தனர். பாலத்தின் முகப்பில் தடுப்பு இல்லாதது பற்றியும் அப்போது கேள்வி எழுந்தது. குற்றத்தைத் திரையின்மீது மட்டுமே சுமத்துவது சாலைக்குப் பொறுப்பானவர்களுக்கு வசதியாகவே இருக்கும்.

வழிகாட்டும் பணிக்கு மட்டும் சட்டமும் திறன்பேசிக்கு இடம்கொடுத்துள்ளது. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டுநரின் கவனம் சிதறாத முறையில் வழி அறிவதற்கு மட்டும் கைக்கருவியைப் பயன்படுத்தலாம் என்கிறது.

வாகனக் கருவிக்கும் திறன்பேசிக்கும் இடைவழியாக 2014இல் ஆப்பிளின் கார்பிளேயும் அடுத்த ஆண்டு கூகுளின் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வந்தன. பேசியிலுள்ள செயலியைக் காரின் பெரிய திரையில் காட்டும் ஏற்பாடுகள் இவை. சில கார்கள் தம் உணரிகள் தரும் இட விவரத்தையும் பேசிக்குக் கொடுப்பதால், வாகனத்தின் துல்லியமும் பேசியின் புதுமையும் ஒருங்கே கிடைக்கின்றன. நடுத்தர விலைக் கார்களிலும் இவ்வசதி வந்துவிட்ட நிலையில், வழிகாட்டிக் கருவி ஒன்றுக்காகவே மேல்விலை வகையை வாங்குவது பெட்ரோல் கார் வாங்குபவருக்கு வீண்செலவே.

மின்சாரக் காரில் கணக்கு மாறுகிறது. அதற்கு வழி மட்டும் போதாது. மின்கலத்தில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது, மலையேற்றத்தில் எவ்வளவு குறையும், எந்த மின்னேற்ற நிலையத்தில் நிற்க வேண்டும் என்பவற்றையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். இவ்விவரங்கள் காரிடம் இருப்பதால் உள்ளமைந்த வழிகாட்டி மீண்டும் மதிப்புப் பெற்றுள்ளது. 2020இல் வந்த போல்ஸ்டார் 2 என்னும் மின்கார் கூகுளின் வரைபடத்தையே காரின் மூளைக்குள் கொண்டிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் புதிய மின்கார்களில் கார்பிளேயைக் கைவிடப்போவதாக 2023இல் அறிவித்தது. இது வாடிக்கையாளரின் நன்மைக்காக என்று சொல்லப்பட்டாலும், திரையும் அதன் வழியே வரும் தகவலும் யாருடைய கையில் இருக்க வேண்டும் என்ற போட்டி அதில் தெளிவாகவே தெரிகிறது. கார் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடும். அதனுள் இருக்கும் மின்னணுவின் ஆயுள் அவ்வளவில்லை. அமெரிக்காவில் 2022இல் மூன்றாம் தலைமுறைக் கைப்பேசி வலையமைப்புகள் நிறுத்தப்பட்டபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கார்களின் இணையச் சேவைகள் ஒரேயடியாக நின்றுபோயின. மறுபக்கம், எல்லா மின்கார்களும் தம் மின்கல நிலையைத் திறன்பேசிச் செயலிக்குத் தெரிவிப்பதில்லை. தெரிவிக்காத காரை வைத்திருப்பவர் நெடும்பயணத்தில் நெரிசலுக்குப் பேசியையும் மின்னேற்றத்துக்குக் காரின் திரையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டியிருக்கிறது.