கல்லாற்றில் பொறுக்கிய ஐந்து கற்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று மனைவி மக்களுடன் கல்லாற்றுக்குச் சென்றிருந்தேன். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குச் சென்ற அன்பர்கள் அவ்விடத்தைக் கண்டிருப்பர். பெயருக்கேற்ற ஊர். மலைநீர் நெடுங்காலமாக உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய கற்களே அங்கு ஆற்றுப்படுகை.

எட்டு வயது மகன் அவற்றுள் சிறியனவாக ஐந்தைத் தேர்ந்தெடுத்து, பாறைமேல் அமர்ந்து, தன் அக்காளுடன் ஐந்தாங்கல் ஆடத் தொடங்கினான். "எழுந்திரடா, அது பெண்பிள்ளைகள் ஆட்டம்" என்றேன். சொன்னவுடன் திடுக்கிட்டேன். அது என் சொல் அன்று, என் தந்தையாருடையது.

சிறுவயதில் எனக்குப் பம்பரத்திலும் பந்திலும் நாட்டம் இருந்ததில்லை. தமக்கையுடன் திண்ணையில் ஐந்தாங்கல் ஆடுவதே பேரின்பம். ஒரு கல்லை மேலே எறிந்து, அது இறங்குமுன் தரையில் உள்ளவற்றை ஒன்றாய், இரண்டாய், மூன்றாய், நான்காய் வாரி, எறிந்த கல்லையும் அதே கையில் ஏந்த வேண்டும். நான்கையும் ஒருங்கே வாரும்போது உள்ள களிப்பை ஆடியவரே அறிவர். ஒருநாள் தந்தையார் கற்களைக் கிணற்றில் எறிந்துவிட்டு, எனக்குப் பொட்டுவெடித் துப்பாக்கி ஒன்று வாங்கி வந்தார். அதை நான் வெடித்ததே இல்லை. தமக்கைதான் எவரும் காணாத வேளையில் எடுத்து வெடிப்பாள். அவளுக்கு வாங்கித் தந்ததோ மரச்சொப்பு!

இப்பாகுபாடு நம் இலக்கியத்திலும் உண்டு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் காப்பு முதல் அம்புலி வரை ஏழும் இருபாலார்க்கும் பொது. விளையாட்டு வந்ததும் வழி பிரிகிறது. ஆண்மகவுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்மகவுக்கு அம்மானை, நீராடல், ஊசல். கழங்கைச் சேர்த்துரைப்பாரும் உளர். கழற்சிக்காய் கொண்டு ஆடிய அக்கழங்கே நம் ஐந்தாங்கல்லுக்கு மூத்தது. சிற்றில் பருவத்தையே எண்ணிப் பாருங்கள். சிறுமியர் மணலில் வீடு கட்டுவர். ஆண்பிள்ளை காலால் சிதைக்க வருவான். சிதையாதே என்று அவர்கள் வேண்டுவர். பாட்டாகக் கேட்க இனிமைதான். என் மகள் கட்டியதை மகன் சிதைத்தால் எனக்கு இனிக்குமா?

பழங்கிரேக்கர் இதைப் போன்ற ஆட்டத்தை ஆட்டின் கணுக்கால் எலும்புகளால் ஆடினர். பட்ரோக்ளஸ் என்னும் வீரன் சிறுவனாயிருந்தபோது அவ்வாட்டத்தில் மூண்ட சினத்தால் ஒரு தோழனையே கொன்றான் என்று ஹோமரின் இலியத் காவியம் கூறுகிறது. பெண்பிள்ளை ஆட்டம் என்று அவனிடம் சொல்லத் துணிந்தவர் யாரோ! சிங்கப்பூரிலோ சிறு துணிப்பொட்டலங்களைத் தைத்து ஆடுவர்.

2024ஆம் ஆண்டில் கேரள அரசு வெளியிட்ட மூன்றாம் வகுப்புப் பாடநூலில், தந்தை அடுக்களையில் தேங்காய் துருவும் படம் இருக்கிறது. மகன் அதைக் காட்டியபோது நான் சிரித்தேன். "நீங்கள் ஏன் துருவுவதில்லை, அப்பா?" என்றான். அன்று விடை சொல்லாமல் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டேன்.

கல்லாற்றிலும் அவன் வாதாடவில்லை. கற்களைக் கீழே வைத்துவிட்டு ஆற்றைப் பார்த்தபடி நின்றான். அதுதான் என்னைத் தைத்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் பாறைமேல் அமர்ந்தேன். இரண்டிரண்டாய் வாரும்போதே தோற்றேன். கை பழக்கம் விட்டுப்போயிற்று. மகள் கைகொட்டிச் சிரித்தாள். மகன் அருகில் வந்து, கையை எவ்வாறு வைக்கவேண்டும் என்று எனக்குக் காட்டினான்.

இரவு தமக்கையிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டாள்: "அந்தத் துப்பாக்கி என்னவாயிற்று, தம்பி?"